தொட்டில் கட்டாத கொட்டகை

நன்றாக இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. மர உத்தரத்தில் கயிறு உராய்கிற சத்தம், கிறீச்சென்று ஒரு பக்கம் போய், ஒரு மூச்சு நேரம் நின்று, கிறீச்சென்று மறுபக்கம் திரும்பி வருகிற சத்தம், பிள்ளை வளர்ந்த வீட்டில் இருந்த யாருக்கும் தெரிந்த தொட்டில் சத்தம். விண்ணரசி நிமிர்ந்து பார்த்தாள். பெரியாஸ்பத்திரியின் தாய்மார் கொட்டகைக்கு மேலே தகரமும் இரும்புக் குழாயும்தான் இருந்தன, மரமே கிடையாது, இங்கே தொட்டில் கட்டக்கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் வேறு எழுதியிருந்தது. "யாருக்கோ இறங்குது" என்றாள் பக்கத்தில் படுத்திருந்த ஒருத்தி, கண்ணைத் திறக்காமலே. சத்தம் நெருங்கி வந்தது, தலைக்கு நேர் மேலே ஆடியது, சட்டென்று ஓய்ந்தது. ஓய்ந்த அதே நொடியில் விண்ணரசியின் மடியில் பத்து மாதப் பிள்ளை ஒன்றின் பாரம் வந்து அமர்ந்தது.

பாரம் மட்டும்தான். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை, ஆனால் சேலை அமுங்கியது, தொடை சுட்டது, இடது பக்கம் தலையின் கனமும் வலது பக்கம் கால்களின் இலேசும் இருந்தன, சின்னக் குதிகால் ஒன்று அவள் அடிவயிற்றை மிதித்துக்கொண்டிருந்தது. மகள் அமலி அப்படித்தான் படுப்பாள். அமலியோ இரண்டு கதவுகளுக்கு அப்பால் கண்ணாடி வார்டில் வாயில் குழாயோடு கிடந்தாள். மூளைக் காய்ச்சல், வலிப்பு நிற்கவில்லை, மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறோம், வெளியே இரும்மா, தேவைப்பட்டால் மைக்கில் கூப்பிடுவோம் என்று சொல்லி மத்தியானம்தான் அவள் கையிலிருந்து பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"கத்தாத. கத்துனா மத்ததெல்லாம் முழிச்சுக்கிடும்."

சொன்னவள் மைமூன். காயல்பட்டினத்துக்காரி, முப்பது வயது இருக்கும், நாலு வயது மகன் சாபிருக்குச் சிறுநீரகம் கெட்டு மாதக்கணக்காக அங்கேயே கிடப்பவள், கொட்டகையில் எல்லோருக்கும் அவள் ராத்தா, மூத்த அக்கா. "உம்புள்ளதான். உள்ள தனியாக் கெடக்க மாட்டாம வெளிய வந்து உக்காந்திருக்கு. இங்க எல்லாருக்கும் உண்டு. எம்மவன் இருக்கானே, அவங்க வாப்பா மாதிரி, சும்மாக் கெடந்தாலே ஆளக் கொல்லுத கனம்."

"குழந்தைக்கு ஏதாவது ஆயிடுச்சா ராத்தா?"

"கனமா இருக்கா?"

"ரொம்ப."

"அப்ப உசுரு இருக்குன்னு அர்த்தம். லேசானாத்தான் பயப்படணும். தட்டிக்குடு, தூங்கட்டும்."

அந்தக் கொட்டகையில் அது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை, ஏனென்றால் அங்கே வந்தவர்களுக்குக் கேட்பதற்கு வேறு கேள்விகள் இருந்தன. பிள்ளையை உள்ளே எடுத்துக் கதவு மூடிய அன்று இருட்டியதும் பாரம் வரும். தாய் உட்கார்ந்தால் மடியில் கிடக்கும், படுத்தால் மார்புக்கு ஏறும், எழுந்து நிற்க மட்டும் விடாது. தன் பிள்ளையின் பாரத்தோடு எந்தத் தாயாலும் எழ முடிந்ததில்லை. எழவேண்டுமென்றால் இன்னொருவர் மடிக்கு மாற்ற வேண்டும். தொடையோடு தொடை சேர்த்து உட்கார்ந்து, பிள்ளைக்குப் பிடித்த ஒரு காரியத்தை, முதுகைத் தட்டணும் என்றோ உச்சந்தலையில் ஊதணும் என்றோ, அவர் காதில் சொல்லிவிட்டு மெல்ல நகர வேண்டும். வாங்கிக்கொண்டவர் தாராளமாக எழலாம், ஆனால் அவர் எழுந்தால் பாரம் தரையில் விழாது, தாய் எந்த மூலையில் இருந்தாலும் அவள் மேலேயே போய் விழும். பிள்ளை தேறி வெளியே வந்து தாயின் கையில் ஏறும்போது பாரமும் பிள்ளையும் ஒன்றாகிவிடும். தேறாவிட்டால் பாரம் இலேசாகும், இன்னும் இலேசாகும், மடித்து வைத்த துண்டு போலாகும், பிறகு துண்டும் இருக்காது. வரும்போதுதான் சத்தம் உண்டு. போகும்போது கிடையாது.

ஊரும் அதை மழை வெயில் போல எடுத்துக்கொண்டுவிட்டது. டீக்கடைக்காரர் உட்கார்ந்திருப்பவர்களின் கைக்கே டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார், பெருக்குகிறவர் பிள்ளை உறங்குகிற இடத்தில் பெருக்குவதுபோல விளக்குமாற்றை அடக்கி அவர்களைச் சுற்றிப் பெருக்கினார். பயிற்சி டாக்டர் ஒருவர் எடைபார்க்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு தாயை மடி பாரத்தோடும் பாரத்தை மாற்றிவிட்டும் உட்காரவைத்துப் பார்த்து, இரண்டு தடவையும் முள் ஒரே இடத்தில் நின்றது என்று சிரித்துவிட்டுப் போனார்; டூட்டி முடிந்து திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்து ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கால் மரத்துப்போகும்வரை இருந்துவிட்டு நொண்டிக்கொண்டே போனார், அதன் பிறகு எந்த டாக்டரும் அதைப்பற்றிப் பேசவில்லை. மீன் மார்க்கெட் பெண்கள் வியாபாரம் முடிந்ததும் கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார்கள், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவர்கள் முகூர்த்தம் இல்லாத நாட்களில் வந்தார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு வந்து ஒருவரோடொருவர் பேசாமல் திரும்பிப் போனார்கள். யார் வந்தாலும் விரட்டுகிற காவலாளி, மடி கொடுக்க வந்தேன் என்ற வார்த்தைக்கு மட்டும் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிடுவார். ஆட்டோக்காரர்களும் வருவதுண்டு. ஆண்கள் மடியிலும் பாரம் நிற்கத்தான் செய்தது, என்ன, ஃபோன் வந்தால் எழுந்துவிடுவார்கள் என்று மைமூன் சொல்லிச் சிரிப்பாள்.

கொட்டகைக்கு இரண்டு கட்டுப்பாடுகள்தான். ஒரு மடியில் இரண்டு பாரம் வைக்கக்கூடாது, அசந்தால் எது யாருடையது என்று மாறிப்போகும். இன்னொன்று, பின்பக்கக் குளியலறையில் தாழ்ப்பாள் போடக்கூடாது. தண்ணீர்ச் சத்தத்தில் மைக் கேட்காமல் போய்விடும், பேர் சொல்லிக் கூப்பிடும்போது கதவைத் திறந்து துணியைச் சுற்றிக்கொண்டு ஓட நேரம் இருக்காது என்று யாரோ ஒருத்தி பயந்து தொடங்கியது, பிறகு எல்லோருடைய பயமும் அதுவாகிவிட்டது. கதவில் ஒரு பழைய சேலைக் கிழிசலைக் கட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பவள் அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்வாள். தாழ்ப்பாள் துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது.

விண்ணரசிக்கு அதுதான் முடியவில்லை. அவள் கடற்கரை ஊரிலிருந்து கன்னியர் மடத்து விடுதிக்குப் போய் ஐந்தாம் வகுப்பிலிருந்து அங்கேயே படித்தவள். சிஸ்டர் இக்னேஷியா என்றொரு விடுதித் தலைவி குளியலறை வரிசையில் நடந்துபோய் ஒவ்வொரு கதவையும் விரலால் தள்ளிப் பார்ப்பார், திறந்துகொண்ட கதவுக்குள் நின்ற பெண் மறுநாள் காலை செபம் முடியும்வரை முழங்காலில் நிற்க வேண்டும். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இருபத்திரண்டு வயதாகியும் விண்ணரசிக்குத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் காதில் கேட்டால்தான் உடம்பு உடையை விடும்.

ஆனாலும் ஒருநாள் போனாள். புருஷன் டென்சில் படகு கரை பிடித்ததும் நேரே வந்திருந்தான், கன்னத்தில் உப்புப் படிந்து, கண் சிவந்து. பெற்ற தகப்பன் மடிதானே என்று நம்பி, கழுத்தில் மாதா படத் துணி கோத்துப் போட்டிருக்கும் உத்தரியத்தின் நூலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள் என்று அவன் காதில் சொல்லி, பாரத்தை மாற்றினாள். அவன் முகம் மாறிப்போயிற்று.

"ஏ அரசி, இவ இவ்வளவு கனமாவா இருந்தா? நான் தூக்கயில காத்து மாதிரில்லா இருப்பா."

"தட்டிக்கிட்டே இருங்க. எந்திரிச்சிராதீங்க, ஆமா."

"எந்திரிப்பேனா?"

கிழிசலை ஒரு கையில் சுற்றிக்கொண்டு அவள் நாலு குவளை ஊற்றியிருப்பாள், படகின் முதலாளியான சம்மாட்டியிடமிருந்து டென்சிலுக்கு ஃபோன் வந்தது. சம்மாட்டி பேசினால் எழுந்து நின்று பேசியே பழக்கப்பட்டவன் எழுந்து நின்றான். பாரம் குளியலறையில் அவள் மேல் விழுந்தது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள், கையிலிருந்த கிழிசல் நழுவியது, கதவு தானாகத் திறந்து சுவரில் மோதியது, வெளியே தண்ணீர் பிடிக்க நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருத்தி ஓடிவந்து தன் முந்தானையை எறிந்து மூடினாள். விண்ணரசி அழவில்லை. இரண்டு கையாலும் ஒன்றுமில்லாத மடியை அணைத்துக்கொண்டு, சிஸ்டர் முன்னால் நிற்கிறவள்போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அதோடு சரி. பிறகு யாருக்கும் மடி மாற்றவில்லை. மீன்காரப் பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் இல்லை வேண்டாம் அம்மா, தேங்க்ஸ் என்பாள். உள்ளே போய்ப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும், சாபிரை ஒரு மீன்காரப் பெண் மடிக்கு மாற்றிவிட்டு உட்காரும் மைமூனிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று மெஷின் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்மா" என்று டாக்டர் தினமும் சொல்கிற அதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, ஓட்டமாக ஓடி வந்து வாங்கிக்கொள்வாள். தலை சிக்குப்பிடித்தது. பால் கட்டி மார்பு கல்லானது. உட்கார்ந்தபடியே கண் சொருகும், உடனே பதறி விழித்து மடியைத் தொட்டுப் பார்ப்பாள், தொட அங்கே எதுவும் இருக்காது, கனம் இருக்கும்.

"ஏட்டி கான்வென்ட்டு, வாயத் தொற."

அப்படிக் கூப்பிட்டுச் சோறு ஊட்டியவள் உச்சிமாகாளி. உப்பளத்தில் உப்பு வாருகிறவள், பாதம் இரண்டும் வெடித்து வெள்ளை பாய்ந்திருக்கும். ஐந்து மாத மகன் வேம்பு, நெஞ்சில் சளி கட்டி உள்ளே கிடந்தான். பெரிய உடம்புக்காரப் பிள்ளை, அமலியும் அவனும் ஒரே எடை. தன் பாரம் மடியில் கிடக்க, இடது கையால் அதைத் தட்டிக்கொண்டே வலது கையால் விண்ணரசிக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பாள்.

"போதும்க்கா."

"போதும்க்கா, தேங்க்ஸ்க்கா, பரவால்லக்கா. இதத் தவிர உங்க மடத்துல வேற ஒண்ணும் சொல்லித் தரலியா? நாறுத, தெரியுமா? நெத்திலி காயப் போட்ட மாதிரி நாறுத. நாளைக்கு உம்புள்ள வெளிய வந்தா, இது யாரு சனியன்னு உன்னயப் பாத்து வீல்னு கத்தப்போகுது."

வெகுநாளைக்குப் பிறகு விண்ணரசி சிரித்தாள், சிரித்ததற்காக உடனே மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு அந்த மழை வந்தது. வானம் பொத்துக்கொண்டதுபோல விடியற்காலையிலேயே பிடித்துக்கொண்டு ஊற்றியது, மீன் மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர், பஸ் வரவில்லை, மடி கொடுக்க யாரும் வரவில்லை. மற்ற தாய்மார்கள் ஒழுகாத மூலையில் நெருக்கியடித்துத் தங்கள் தங்கள் பாரத்தோடு கிடந்தார்கள். சாபிருக்கு இரத்தம் சுத்தம் செய்கிற நாள் என்பதால், துணைக்கு உட்காரவிடும் அந்த ஒரு நாளில் மைமூன் பாரத்தைக் காவலாளியின் மடிக்கு மாற்றிவிட்டு, மகனின் பக்கத்திலேயே உள்ளே இருந்தாள். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் விண்ணரசியின் தலை முன்னால் சாய்ந்து, சுவரில் மோதி, மறுபடி சாய்ந்துகொண்டிருந்தது.

"குடுட்டி இங்க," என்றாள் உச்சி. "செத்த நேரம் கண்ண மூடு."

"உங்க மடியில வேம்பு இருக்கானே."

"எனக்கு ரெண்டு தொட இருக்கு. உப்புக் கூடை ரெண்டு சொமந்தவளுக்கு இது பெருசா? அந்தப் பக்கம் எம்மவன், இந்தப் பக்கம் உம்மவ. கலியாணம் பண்ணி வச்சிரவா?"

"ரெண்டு வைக்கக்கூடாதுன்னு ராத்தா..."

"ராத்தா உள்ள இருக்கா. நீ இப்படியே இருந்தேன்னா உம்புள்ளைக்கு முன்னாடி உன்னயத்தான் தூக்கணும். குடு."

விண்ணரசி கொடுத்தாள். நூலைப் பற்றிச் சொன்னாளா, சொல்வதற்குள் தூங்கிவிட்டாளா என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஈரத் தரையில் சுருண்டு, கிணற்றுக்குள் போட்ட கல்லாக உறங்கினாள். உச்சிக்கு ஒரு நேரத்துக்குமேல் கால் மரத்தது, இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள், கூரை ஒழுகிய இடத்தைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள், அவளும் ஒரு கணம் கண்ணயர்ந்தாள்.

விண்ணரசி திடுக்கிட்டு எழுந்தபோது மழை விட்டிருந்தது, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் தொடையோடு தொடை சேர்த்து, தன் பக்கம் எது இருந்ததோ அதை வாங்கிக்கொண்டாள். அதே கனம், அதே சூடு. அடிவயிற்றில் குதிகால் இல்லை. நன்றாகத் தூங்குகிறாள்போல என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்குப் போடுகிற நேரம் அது இலேசாகத் தொடங்கியது.

முதலில் அவள் நம்பவில்லை. கால் மரத்ததால் தெரியவில்லை என்று தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு தட்டினாள், வேகமாகத் தட்டினாள், கழுத்திலிருந்த உத்தரியத்தைக் கழற்றி அந்த நூலை மடியில் வைத்து, "பிடிச்சுக்கோ அமலி, அம்மா நூலப் பிடிச்சுக்கோ" என்றாள். அப்படியும் இலேசாகியது. அள்ளி எடுக்க முடியாத ஒன்றைக் கீழே அழுத்திப் பிடிக்கவும் முடியவில்லை. கத்தக்கூட வராமல், மடத்தில் படித்த அத்தனை செபங்களும் ஒன்றோடொன்று மோதி உடைந்து வாயில் வர, கடைசியில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை உதடு அசையாமல் கேட்டாள். மாதாவே, இவளை விட்டுவிடு, இங்கே இத்தனை பிள்ளைகள் கிடக்கின்றன, வேறு யாரையாவது எடுத்துக்கொள். கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க அது துண்டு போலானது, பிறகு காய்ந்த துண்டு போலானது, பிறகு அவள் சேலை அவள் சேலையாக மட்டும் இருந்தது.

மைக் கரகரத்தது. அவள் தன் பெயருக்காகக் காத்திருந்தாள்.

"பேபி ஆஃப் உச்சிமாகாளி. உச்சிமாகாளியம்மா சீக்கிரம் உள்ள வாங்க."

"என்னயவா?" என்றாள் உச்சி, சிரித்த முகமாக. "மருந்து வாங்க எழுதிக் குடுக்கானுவ போல. நல்லாத்தான் கனமா கெடக்கான் எம் மவராசன்." சொல்லிக்கொண்டே, மாற்றிவிடக்கூடத் தோன்றாமல், பழக்கத்தில் கையை ஊன்றி எழுந்தாள்.

எழுந்துவிட்டாள்.

தன் பிள்ளையின் பாரத்தோடு எந்தத் தாயாலும் எழ முடியாது.  அந்த நொடியில், உச்சியின் மடியிலிருந்து கிளம்பிய பாரம் விண்ணரசியின் மடியில் தொப்பென்று வந்து விழுந்தது, இடது பக்கம் தலை, வலது பக்கம் கால், அடிவயிற்றில் குதிகால் ஓங்கி ஒரு மிதி. அமலி. அமலியேதான். விண்ணரசி சிரித்துவிட்டாள். அழுகைக்கு முன்னால், இரக்கத்துக்கு முன்னால், எதற்கும் முன்னால், வாய் நிறையச் சத்தமாகச் சிரித்துவிட்டாள். உச்சி நின்ற இடத்தில் நின்று குனிந்து தன் வெறும் சேலையைப் பார்த்தாள், பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தாள், பிறகு உள்ளே ஓடினாள்.

அன்றைக்கே வேம்புவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது உச்சி கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. செய்தி கேட்டு வெளியே வந்த மைமூன், யாரையும் ஏசாமல், விண்ணரசியின் சிக்குப்பிடித்த தலையில் ஒருதரம் கையை வைத்து எடுத்தாள். அந்தக் கை அவளை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எல்லாம் ஒரே நாள் மாதிரி இருந்தன. அமலிக்கு மெஷினை எடுக்கவில்லை, கூட்டவும் இல்லை, இன்னும் ரெண்டு நாள் பாப்போம்மா. பாரம் இருந்தது. சில பொழுதுகளில் அது கொஞ்சம் குறைகிறதோ என்று தோன்றும், அப்போதெல்லாம் விண்ணரசி மூச்சை நிறுத்தி உட்கார்ந்திருப்பாள், அவள் மூச்சுவிட்டால் அது பறந்துவிடும்போல. எதையும் கேட்கப் பயமாக இருந்தது. ஒருமுறை கேட்டது நடந்துவிட்டது, இனி என்ன கேட்டால் யார் மடியில் போய் முடியுமோ. மைமூனிடம்கூடக் கொடுக்கவில்லை. பார்க்கும் நேரத்துக்கும் போகவில்லை, டென்சில் வந்தால் அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னாள். டென்சில் வந்து எதிரே உட்கார்ந்து, "நான் எந்திரிக்க மாட்டேன் அரசி, ஃபோன வெளியவே வச்சிட்டு வந்திருக்கேன், பாரு" என்று வெறும் கையை விரித்துக் காட்டினான். அவள் தலையசைத்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மடியைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, படகுக்கு நேரமானதும் எழுந்து போனான்.

வேம்புவுக்குக் காரியம் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைக்கும்படியான ஒரு காலைப்பொழுதில் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மடி கொடுக்க வந்தேன்."

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். வெடித்த பாதம் இரண்டும் நேரே நடந்து வந்து விண்ணரசியின் முன்னால் நின்றன. உச்சி மெலிந்திருந்தாள். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருந்தார்கள், பூ தலையில் இல்லாமல் நெஞ்சில் மணத்தது. எதிரே உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"உம் மடியிலதான போனான்?"

"ஆமாக்கா."

"பயந்தானா?"

"தெரியலக்கா. துடிக்கல. மெதுவா... தூங்குறப்போ புள்ளைங்க கை லூசாகும்ல, அப்படி." விண்ணரசி கழுத்து நூலைத் தொட்டுப் பார்த்தாள். "நான் அமலின்னுதான் கூப்பிட்டேன். என் நூலக் கொடுத்தேன். அவன் பேரச் சொல்லி யாரும் கூப்பிடல."

"தட்டிக்குடுத்தியா?"

"தட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

உச்சி தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேட்டேன்." சொல்லாவிட்டால் அந்த மடியில் இனி தன்னால் எதையும் வைத்திருக்க முடியாது என்று விண்ணரசிக்குத் தோன்றியது. "அவன் இலேசாகுறப்போ, மாதாகிட்டக் கேட்டேன். இவள விட்டுடு, வேற யாரையாவது எடுத்துக்கோன்னு. அவன மடியில வச்சுக்கிட்டே கேட்டேன்."

கொட்டகையில் எங்கோ ஒரு டம்ளர் உருண்டது. உச்சி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் விண்ணரசி முழங்காலில் நிற்கிற சிறுமியாகக் காத்திருந்தாள்.

"நான் தெனமும் அதத்தான் கேட்டேன்," என்றாள் உச்சி. "உனக்குச் சோறு ஊட்டயிலயும் கேட்டுக்கிட்டேதான் ஊட்டுனேன். இங்க யாரு கேக்கல? போயி ராத்தாவக் கேளு."

மைமூன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ சிரிச்சியே, அதுதான்..."  உச்சி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுல இருக்க முடியல. மடி காத்தாடிக்கிட்டுக் கெடக்கு. குடு உம்புள்ளைய. நீ போயிக் குளி, பொணம் மாதிரி நாறுத."

"வேண்டாம்க்கா. மைக்ல கூப்பிட்டா?"

"கூப்பிட்டா நான் எந்திரிச்சிருவேன். எந்திரிச்சா அது எங்க வரும்? உம்மேலதான வந்து விழும். அதுக்குமேல உனக்கு எந்த மைக்கு வேணும்? கதவச் சாத்திக்கிட்டு நிம்மதியாக் குளி. விழாத மட்டுக்கும் நான் உக்காந்திருக்கேன்னு அர்த்தம்."

வாங்கியவர் எழுந்தால் பாரம் தாய்மேல் போய் விழுவதை இத்தனை நாள் இத்தனை பெண்கள் விபத்து என்றே நினைத்திருந்தார்கள். மைமூன் திரும்பிப் பார்த்து, "யா அல்லா" என்றாள், அவ்வளவுதான்.

விண்ணரசி தொடையோடு தொடை சேர்த்து உட்கார்ந்தாள். மல்லிகை வாசனைக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோய், நூலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள் என்று சொல்லி, உத்தரியத்தைக் கழற்றி உச்சியின் கையில் கொடுத்தாள். நகர்ந்தாள். பாரம் கடந்து போயிற்று. உச்சியின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை, ஆனால் அந்தக் கை தட்டத் தொடங்கிய சத்தம் கேட்டது.

 சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தி, பழக்கத்தில் கிழிசலைக் கையில் சுற்றினாள், சுற்றியதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே மெஷின் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அதற்கு அவள் செய்யக்கூடியது எதுவும் இல்லை, கொட்டகையில் உட்கார்ந்திருந்தாலும் இல்லை, இங்கே நின்றாலும் இல்லை. மடி வெறுமையாக இருந்தது. இன்னும் எதுவும் விழவில்லை.

கிழிசலை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். தாழ்ப்பாளை இழுத்தாள், வரவில்லை. சோப்பை நனைத்துத் துருவின்மேல் தேய்த்து, உள்ளங்கையின் அடியால் முட்டி முட்டித் தள்ளினாள். கிறீச்சென்று ஒரு பக்கம் அசைந்து, ஒரு மூச்சு நேரம் நின்று, மறுபடியும் கிறீச்சென்று நகர்ந்து, தாழ்ப்பாள் உள்ளே விழுந்தது.